ஆங்கில இலக்கணப் பயிற்சியும் ஆங்கிலத் தேர்வுகளும்

காஞ்சிபுரம் மாவட்ட வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதுவது

கிணறு, சாலை, தொகுப்பு உரம், குடிநீர்த் தொட்டி ஆகிய விஷயங்களையே பெரும்பாலும் பேசிவரும் இப்பத்திரிகையில் ஆங்கில இலக்கணத்திற்கு என்ன வேலை என்று பஞ்சாயத்து உறுப்பினர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும், கடந்த சில ஆண்டுகளாக நம் கிராமக் குடும்பங்கள் நகையை அடகு வைத்தும், சீட்டுப் பணத்தை முன்னதாகவே எடுத்தும் செய்யும் செலவுகளுள் ஒன்று, பிள்ளைகளின் ஆங்கிலத் தேர்வுக்கான செலவாக இருக்கின்றது. ஆழ்துளைக் கிணறு போடுமுன் நீரோட்டம் பார்க்கிற நாம், இந்தச் செலவைச் செய்யுமுன் எதையும் பார்ப்பதில்லை. எனவே இதுவும் கிராமப் பொருளாதாரத்தைச் சேர்ந்த விஷயமே என்று கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

காஞ்சிபுரத்தையும் அதனைச் சூழ்ந்த அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை போன்ற ஊர்களையும் அறிந்தவர்களுக்கு இங்குள்ள நிலைமை தெரியும். கோர்வைச் சேலை நெய்வதற்குத் தறியில் ஒருவர் போதாது. கரைக்குரிய நாடாவை மறுபக்கத்திலிருந்து தள்ளிக் கொடுக்க இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் முன்பு பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையாகவே இருந்தார். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் தறியின் மறுபக்கத்தில் உட்காரப் பிள்ளைகள் இல்லை. மகன் இருங்காட்டுக்கோட்டைக்கோ ஒரகடத்திற்கோ தொழிற்சாலை வேலைக்குப் போகிறான். மகள் செவிலியர் படிப்போ பொறியியலோ படித்துவிட்டு, வெளிநாடு செல்ல எண்ணுகிறாள். இது சரியா தவறா என்று விவாதிப்பது என் நோக்கமன்று. போவதென்று முடிவு செய்தவர்கள் பணத்தை இழக்காமல் போகவேண்டும் என்பதே நோக்கம்.

ஓர் உதாரணம் கூறுகிறேன். வாலாஜாபாத் சாலையிலுள்ள கிராமம் ஒன்றைச் சேர்ந்த நெசவாளர் தம் மகளை இங்கிலாந்துக்குச் செவிலியராக அனுப்ப விரும்பினார். மனைவியின் நகையைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து, நகரத்துப் பயிற்சி நிலையம் ஒன்றில் மூன்று மாதம் மகளைச் சேர்த்தார். அப்பெண் நன்றாகவே படித்தாள்; நல்ல மதிப்பெண்ணும் பெற்றாள். அதன்பின்தான் அவள் எழுதியது தவறான பிரிவு என்பது தெரியவந்தது. ஐயெல்ட்ஸ் என்னும் தேர்வில் இரண்டு பிரிவுகள் உண்டு. ஒன்று கல்விப் பிரிவு. மற்றொன்று பொதுப் பயிற்சிப் பிரிவு. இங்கிலாந்துச் செவிலியர் மன்றம் கேட்பது முதலாவதை. அப்பெண் எழுதியதோ இரண்டாவதை. அது எளிது என்று யாரோ சொன்னார்களாம். தேர்வுக் கட்டணமாகிய பதினேழு, பதினெட்டாயிரம் ரூபாயும், பயிற்சிக்குக் கட்டிய தொகையும், அடகு வட்டியும் சேர்ந்து, அக்குடும்பம் பல மாதங்கள் நெய்து ஈட்டிய கூலி வீணாயிற்று. அவளுடைய ஆங்கிலத்தில் குறையில்லை. எந்தத் தேர்வு என்று எவரும் கேட்காததுதான் குறை.

எந்த நிலத்தில் எந்தப் பட்டத்தில் எதை விதைப்பது என்பதை விதைக்கடைக்காரர் தீர்மானிப்பதில்லை. நிலமும் நீரும் பருவமும் தீர்மானிக்கின்றன. அதுபோல, எந்த ஆங்கிலத் தேர்வு என்பதைப் பயிற்சி நிலையமோ, முகவரோ, அடுத்த வீட்டுக்காரரோ தீர்மானிக்க முடியாது. போகவிருக்கும் பல்கலைக்கழகம், தொழில்மன்றம், அந்நாட்டுக் குடியேற்றத் துறை ஆகியவை மட்டுமே தீர்மானிக்கின்றன. ஆகவே முதலில் செய்யவேண்டியது, அந்நிறுவனத்தின் சொந்த இணையதளத்தைத் திறந்து, எந்தத் தேர்வு, எந்தப் பிரிவு, மொத்தத்தில் எவ்வளவு, ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்வது. அந்தத் தாள் கையில் இல்லாமல் ஒரு ரூபாயும் கட்டலாகாது.

தேர்வுகளின் தன்மை

வெளிநாடு செல்வோர் எழுதும் தேர்வுகளுள் நம் மாவட்டத்தில் அதிகம் பேசப்படுவது ஐயெல்ட்ஸ். 1989-ஆம் ஆண்டு முதல் இப்பெயரில் நடந்துவரும் இத்தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள் உள்ளன. கேட்டலுக்குச் சுமார் அரைமணி. படித்தலுக்கு ஒரு மணி. எழுதுதலுக்கு ஒரு மணி. பேசுதலுக்குப் பதினொன்று முதல் பதினான்கு நிமிடம். பேசும் பகுதியில் தேர்வாளர் ஒருவர் நேரில் உரையாடுவார். 9 என்பது உச்ச அளவு. தேறினார், தவறினார் என்ற பேச்சே இதில் இல்லை. எவ்வளவு பெற்றார் என்பது மட்டும் உண்டு. அந்த அளவு போதுமா போதாதா என்று சொல்வது, மேற்கூறியபடி, சேரவிருக்கும் நிறுவனமே.

இங்கிலாந்துச் செவிலியர் மன்றம் கல்விப் பிரிவில் மொத்தம் 7 கேட்கிறது. கேட்டல், படித்தல், பேசுதல் ஒவ்வொன்றிலும் 7 இருத்தல் வேண்டும், எழுதுதலில் 6.5 போதும். மொத்தத்தில் 7 வந்தும், எழுதுதலில் 6 வந்தால் போதாது. பகுதிவாரி அளவைக் கவனிக்காமல் மொத்தத்தை மட்டும் பார்த்து மகிழ்ச்சியடைந்த பெற்றோர் பலர்.

அதே மன்றம் ஓ.இ.டி. என்ற மற்றொரு தேர்வையும் ஏற்றுக்கொள்கிறது. இது மருத்துவத் துறையினருக்காகவே ஆஸ்திரேலியாவில் உருவானது. செவிலியர், மருத்துவர், மருந்தாளுநர் உள்ளிட்ட பன்னிரண்டு தொழில்களுக்கு எழுதுதல், பேசுதல் பகுதிகளில் தனித்தனி வினாத்தாள் கொண்டது. இதில் செவிலியர் எழுதவேண்டிய கடிதம், நோயாளி ஒருவரை வேறொரு மருத்துவரிடமோ செவிலியரிடமோ அனுப்பும் கடிதமாக இருக்கும். நாள்தோறும் வார்டில் செய்துவரும் வேலையே வினாவாக வருவதால், சில செவிலியருக்கு இது கைகொடுக்கிறது. ஆனால் கட்டணம் ஐயெல்ட்ஸைவிட மிகவும் அதிகம். எளிது என்று கேள்விப்பட்டு உடனே இதற்கு மாறுதல் சரியன்று. இரண்டிற்கும் மாதிரி வினாத்தாள்கள் அவரவர் இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டில் கடிகாரம் வைத்து இரண்டையும் ஒருமுறை எழுதிப் பார்த்தால், எது தமக்கு இசைகிறது என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தெரிந்துவிடும்.

ஒரே நாட்டிற்கே நோக்கத்தைப் பொறுத்துத் தேர்வு மாறும் என்பதற்குக் கனடா நல்ல சான்று. அங்கே கல்லூரியில் படிக்கப் போகிறவருக்கு ஐயெல்ட்ஸின் கல்விப் பிரிவு வேண்டும். அங்கேயே நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பிப்பவருக்குப் பொதுப் பயிற்சிப் பிரிவுதான் செல்லும். கல்விப் பிரிவு செல்லாது. அண்ணனும் தம்பியும் ஒரே நாட்டுக்குப் புறப்பட்டாலும், அண்ணன் எழுதிய தேர்வையே தம்பியும் எழுதவேண்டும் என்பதில்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்காக 1964-இல் தொடங்கப்பெற்ற டோஃபல், பெரும்பாலும் கணினியே மதிப்பிடும் பி.டி.இ. ஆகியவையும் உள்ளன. டோஃபலின் மதிப்பெண் முறை 2026 ஜனவரியில் மாற்றப்பட்டுவிட்டது. பழைய 120 மதிப்பெண் கணக்கை மட்டும் வைத்து எழுதிய புத்தகங்களைப் பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவதில் பிரயோஜனமில்லை.

இன்னும் இரண்டு செய்திகளை நினைவில் வைக்கவேண்டும். முதலாவது, இத்தேர்வுகளின் மதிப்பெண் பொதுவாக இரண்டாண்டு காலமே செல்லும். விதைப் பையின் சீட்டில் காலாவதித் தேதி இருப்பதைப் போன்றது இது. முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம் என்று கல்லூரி முதலாண்டிலேயே எழுதினால், படிப்பு முடியுமுன் மதிப்பெண் காலாவதியாகிவிடும். இரண்டாவது, பெயர். ஐயெல்ட்ஸ் தேர்வுக்குப் பாஸ்போர்ட்தான் அடையாளச் சான்று. நம்மவர் பெயருக்கு முன் தலைப்பெழுத்து இட்டு எழுதுவது வழக்கம். பாஸ்போர்ட்டிலோ தந்தை பெயர் விரித்து எழுதப்பட்டிருக்கும். பள்ளிச் சான்றிதழில் ஒருவகை, ஆதாரில் ஒருவகை, பாஸ்போர்ட்டில் ஒருவகை என்றிருந்தால் தேர்வுக்கூட வாசலிலேயே சிக்கல் நேரும். பதிவு செய்யும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எழுதுதல் வேண்டும்.

தேர்வே எழுதாமல் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர்களும் உலவுகிறார்கள். மதிப்பெண்ணை நிறுவனங்கள் நேரடியாகத் தேர்வு நடத்துவோரிடமே சரிபார்த்துக்கொள்கின்றன என்பதை அறிந்தவர் எவரும் இவ்வலையில் விழமாட்டார்.

ஆங்கிலத் தேர்வு தேவைப்படாதவர்கள்

இது முக்கியமான பகுதி. ஏனெனில், தேவையில்லாத தேர்வுக்காகச் செலவிடுவோரே நம் கிராமங்களில் அதிகம்.

வளைகுடா நாடுகளுக்குக் கட்டட வேலைக்கோ ஓட்டுநர் வேலைக்கோ செல்கிறவர்களுக்குப் பொதுவாக இத்தகைய ஆங்கிலச் சான்றிதழ் வேண்டியதில்லை. அவர்கள் பார்க்கவேண்டியது வேறு: முகவர் மத்திய அரசில் பதிவு பெற்றவரா, அவர் கேட்கும் சேவைக் கட்டணம் சட்டம் அனுமதிக்கும் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் என்ற அளவுக்குள் இருக்கிறதா என்பவை. 1978-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இயங்கி வருகிறது. தனியார் முகவரை நாடுமுன் அங்கு விசாரிப்பது நலம்.

ஜெர்மனிக்குச் செவிலியராகச் செல்ல விரும்புவோருக்கு வேண்டியது ஜெர்மன் மொழி. பொதுவாக பி2 என்னும் படி வரையில் தேர்ச்சி கேட்கிறார்கள். ஜப்பானில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குச் செல்வோர் ஜப்பானிய மொழித் தேர்வே எழுதவேண்டும். இவ்விரு நாடுகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஐயெல்ட்ஸ் வகுப்பில் பணம் கட்டுவது, நெல் நாற்றங்காலுக்கு வேர்க்கடலை விதை வாங்குவதை ஒத்தது.

உள்நாட்டு வேலைகளைப் பார்ப்போம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வில், அதாவது கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் முதலிய பதவிகளுக்கான தேர்வில், இப்பொழுது தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். ஆங்கில மொழித் தாள் இல்லை. தமிழ்வழியில் படித்தோருக்கு அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமையும் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உண்டு. இரயில்வேயின் என்.டி.பி.சி., குரூப் டி தேர்வுகளிலும் ஆங்கில மொழிப் பகுதி கிடையாது. வினாக்களைத் தமிழிலேயே படித்து விடையளிக்கலாம். இவற்றுக்குப் படிக்கும் பிள்ளையிடம் ஆங்கில இலக்கணப் புத்தகத்தைத் திணிப்பது அவனுடைய நேரத்தைக் கெடுப்பதாகும்.

மாறாக, வங்கி எழுத்தர் தேர்வின் முதல்நிலையில் 100 வினாக்களில் 30 ஆங்கில வினாக்கள். மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம் பட்டதாரிகளுக்கு நடத்தும் தேர்வின் முதல் கட்டத்தில் 100-க்கு 25 ஆங்கில வினாக்கள். வாக்கியத்தில் பிழை எங்கே, கோடிட்ட இடத்தில் எந்தச் சொல் என்று இலக்கணம் நேராகவே கேட்கப்படுவது இங்கேதான்.

இந்த வேறுபாட்டை நன்கு உணரவேண்டும். ஐயெல்ட்ஸில் இலக்கணத்திற்கென்று தனித் தாள் இல்லை. எழுதுதலுக்கும் பேசுதலுக்கும் மதிப்பெண் இடும்போது நான்கு அம்சங்களைச் சமமாகப் பார்க்கிறார்கள். அவற்றுள் ஒன்றுதான் இலக்கணம். எழுதுதலில் மற்ற மூன்றும், கேட்டதற்கு விடை சொல்லியிருக்கிறாரா, கருத்துகள் கோவையாக அமைந்துள்ளனவா, சொல்வளம் உண்டா என்பன. ஆகவே விதிகளை மனப்பாடம் செய்தவர் வங்கித் தேர்வில் பயனடைவார். ஐயெல்ட்ஸில், அவ்விதிகள் கையும் வாயும் தாமாகவே பின்பற்றும் அளவுக்குப் பழக்கமாகியிருந்தால்தான் பயனடைவார். ஒரே புத்தகத்தை வைத்து இரண்டுக்கும் பயிற்சி தரும் வகுப்புகள் இருவரில் ஒருவரை ஏமாற்றுகின்றன.

தமிழ் வழியே ஆங்கில இலக்கணம்

தமிழ்வழியில் படித்தவனுக்கு ஆங்கிலம் வராது என்ற அச்சம் காஞ்சிபுரத்திலாவது இருக்கலாகாது. நெசவாளர் மரபிலே பிறந்து, இவ்வூர்ப் பச்சையப்பன் பள்ளியில் பயின்ற அறிஞர் அண்ணா, 1968-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திற்கு விருந்தினராக அழைக்கப்பட்டுச் சென்றவர். 'பிகாஸ்' என்ற சொல்லை அடுத்தடுத்து மூன்று முறை வைத்து ஒரு வாக்கியம் சொல்லும்படி அவரை யாரோ கேட்டதாகவும், அச்சொல் ஓர் இணைப்புச் சொல் என்ற இலக்கணத்தையே வாக்கியமாக்கி அவர் உடனே விடையளித்ததாகவும் ஒரு கதை இவ்வூர்த் தேநீர்க் கடைகளில் இன்றும் சொல்லப்படுகிறது. கதை எப்படியானாலும், அதிலுள்ள இலக்கணம் சரியானது. 'ஏனெனில்' போலவே அச்சொல்லும் இரண்டு கூற்றுகளை இணைப்பது; அதோடு வாக்கியம் முடியாது.

தமிழ் இலக்கணம் ஓரளவு தெரிந்தவருக்கு ஆங்கில இலக்கணத்தின் பாதி தெரிந்ததுபோலத்தான். எங்கே வேறுபடுகிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும். 'நெசவாளர் சேலையை நெய்கிறார்' என்றாலும், 'சேலையை நெசவாளர் நெய்கிறார்' என்றாலும் தமிழில் பொருள் மாறவில்லை. காரணம், 'ஐ' என்னும் வேற்றுமை உருபு சேலையோடு ஒட்டிக்கொண்டு, செயப்படுபொருள் இதுவே என்று காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் அவ்வுருபு இல்லை. சொல் நிற்கும் இடமே உருபின் வேலையைச் செய்கிறது. எழுவாய் முதலில், வினை அடுத்து, செயப்படுபொருள் அதன்பின். 'தி வீவர் வீவ்ஸ் எ ஸாரி.' இடத்தை மாற்றினால் சேலை நெசவாளரை நெய்துவிடும்! தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில் வருகிறது. அதனால் நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதும்போது, வினையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போய் நடுவழியில் திகைத்து நிற்கிறார்கள். எழுவாயைச் சொன்னவுடன் வினையைச் சொல்லிவிடு என்பதே நான் அவர்களுக்குக் கூறும் முதல் யோசனை.

'அவர் பஞ்சாயத்துத் தலைவர்' என்பது தமிழில் நிறைவான வாக்கியம். பெயரே பயனிலையாக நிற்கிறது, வினை வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் வினையின்றி வாக்கியம் நிற்காது. அங்கே 'இஸ்' என்ற சொல்லை இட்டே தீரவேண்டும். இதனை விடுவது ஒரு பிழை. இப்பிழைக்கு அஞ்சி, வினை இருக்கும் இடத்திலும் 'இஸ்' சேர்த்து, 'ஹி இஸ் கோ' என்று எழுதுவது மற்றொரு பிழை. இரண்டாவதுதான் இப்போது அதிகம்.

வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தது என்று திணை, பால், எண், இடம் அனைத்தையும் வினையின் விகுதியிலேயே காட்டிப் பழகிய நமக்கு, ஆங்கில வினை மிகவும் எளிது. நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு மட்டும் ஓர் 'ஸ்' சேர்த்தால் போதும். விந்தை என்னவெனில், ஐந்து விகுதிகளைப் பிழையின்றி ஆள்பவர்கள் இந்த ஒரே விகுதியை மறந்துவிடுகிறார்கள். எழுதி முடித்தபின் இதற்காகவே ஒருமுறை திரும்பப் படிப்பது நல்ல வழக்கம்.

உருபுகளுக்கு வருவோம். 'காஞ்சிபுரத்தில்', 'மேசையில்', 'வாசலில்' என்று மூன்று இடத்தும் நமக்கு 'இல்' ஒன்றே. ஆங்கிலத்தில் முதலாவதற்கு 'இன்', இரண்டாவதற்கு 'ஆன்', மூன்றாவதற்கு 'அட்'. அதுவும் பெயருக்குப் பின்னன்று, முன்னே வரும். பரப்புக்குள் அடங்கியது, மேற்பரப்பைத் தொட்டது, ஒரு புள்ளியில் நிற்பது என்று பொருளை நினைத்துப் பழகினால் பெரும்பாலும் சரியாக வரும். மீதமுள்ளவற்றை வழக்கால் அறியவேண்டுமேயன்றி விதியால் அறிய முடியாது.

'எ', 'தி' என்னும் முன்னடைகள் மிகவும் தொல்லை கொடுப்பவை. தமிழில் அவற்றுக்கு நேரான சொல் இல்லை. முதன்முதலாக ஒரு பொருளைக் கூறும்போது, கேட்பவருக்கு அது எது என்று தெரியாது; அங்கே 'எ'. இன்ன பொருள் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டால் 'தி'. 'சேலை ஒன்று வாங்கினேன். சேலையின் கரை சிவப்பு' என்பதில் முதல் சேலைக்கு 'எ', இரண்டாம் சேலைக்கு 'தி'. நாம் 'அந்தச் சேலை' என்று சொல்லாமலே விடுவதை ஆங்கிலேயர் விடாமல் சொல்கிறார்கள், அவ்வளவே.

நம்மவருக்கு அனுகூலமான இடமும் ஒன்று உண்டு. 'பார்த்தேன்' என்பதற்கும் 'பார்த்திருக்கிறேன்' என்பதற்கும் உள்ள வேறுபாடு தமிழ்க் குழந்தைக்கும் தெரியும். ஆங்கிலத்தில் 'ஸா' என்பதும் 'ஹேவ் ஸீன்' என்பதும் ஏறக்குறைய அதே வேறுபாடுதான். 'கைலாசநாதர் கோயிலைப் பார்த்திருக்கிறேன்' என்றால் காலம் குறிக்கவில்லை. 'நேற்றுப் பார்த்தேன்' என்றால் குறித்துவிட்டோம். 'நேற்று' வந்த இடத்தில் 'ஹேவ்' வராது. பெரிய புத்தகங்கள் பல பக்கங்களில் விளக்கும் இந்த விஷயத்தைத் தமிழின் துணையால் ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம்.

பயிற்சி செய்யும் முறை

விதி தெரிந்தபின் வேண்டியது பழக்கம். இதற்கு விலையுயர்ந்த வகுப்பு அவசியமன்று; நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். தான் அன்று செய்ததைப் பத்து வாக்கியங்களில் எழுதவேண்டும்: பாவு போட்டது, மாட்டுக்குத் தீவனம் வைத்தது, பேருந்துக்குக் காத்திருந்தது. மறுநாள் அதே பத்து வாக்கியங்களையும் 'அவர்' என்று படர்க்கையில் நிகழ்காலமாக மாற்றவேண்டும். மூன்றாம் நாள் அவற்றைக் கேள்விகளாக்க வேண்டும். 'நெய்கிறாரா' என்று நாம் கடைசியில் ஓர் 'ஆ' சேர்ப்பதற்கு ஈடாக, ஆங்கிலத்தில் 'டஸ்' என்ற சொல் முன்னால் வந்து நிற்பதும், அது வந்தவுடன் வினையிலுள்ள 'ஸ்' உதிர்ந்துவிடுவதும் இப்பயிற்சியில் தாமே புலப்படும். ஒரே பொருளை மூன்று விதமாக எழுதுவது, முப்பது புதிய வாக்கியங்களைப் பார்த்து எழுதுவதைவிடப் பயன் தரும்.

ஐயெல்ட்ஸின் பேசும் பகுதியில் ஒரு தலைப்பு எழுதிய அட்டையைக் கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்கவிட்டு, இரண்டு நிமிடம் வரையில் பேசச் சொல்வார்கள். காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்குப் பேசப் பொருளா இல்லை? கோர்வையில் உடலும் கரையும் எவ்வாறு இணைகின்றன, வரதராஜப் பெருமாள் கோயிலில் 1979-க்குப் பின் 2019-இல் அத்திவரதர் எழுந்தருளியபோது ஊர் எப்படியிருந்தது என்று இரண்டு நிமிடம் சொல்லிப் பழகலாம். கைலாசநாதர் கோயிலுக்கு வரும் வெளிநாட்டு யாத்திரிகர்களிடம் துணிந்து நான்கு வார்த்தை பேசிய பெண்ணுக்குத் தேர்வாளரிடம் பேசக் கூச்சம் இராது.

எழுதும் பகுதியில் கல்விப் பிரிவினருக்கு ஒரு வரைபடமோ அட்டவணையோ கொடுத்து 150 சொற்களுக்குக் குறையாமல் விவரிக்கச் சொல்வார்கள். பின்பு 250 சொற்களில் ஒரு கட்டுரை. முதலாவதற்குப் பயிற்சிப் பொருள் நம் பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலேயே தொங்குகிறது. மாதவாரி மழையளவு, வரவு செலவுப் பட்டியல், கால்நடைக் கணக்கு ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கலாம். எந்த மாதம் உயர்ந்தது, எது குறைந்தது, எது மாறவில்லை என்று எழுதுவதுதான் அவர்கள் கேட்பது. அந்தக் கணக்குகளை ஒருவராவது படித்ததாகவும் இருக்கும்.

கேட்டலுக்கு வானொலியின் ஆங்கிலச் செய்தி உதவும். பிரிட்டிஷ் கவுன்சில், பி.பி.சி. ஆகியவை ஆங்கிலம் கற்போருக்கென்றே இலவசப் பாடங்களை இணையத்தில் வைத்துள்ளன. கைபேசி இல்லாத வீடு இன்று அரிது. அதில் செலவாகும் நேரத்தில் அரைமணி இதற்கு ஒதுக்கினால் போதும்.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியது

2006 முதல் 2011 வரை நடைபெற்ற அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்திலும் நூலகக் கட்டடம் அமைக்கப்பட்டது நினைவிருக்கலாம். அவற்றுள் சில நன்கு நடைபெறுகின்றன. சில பூட்டிக் கிடக்கின்றன. சிலவற்றில் சிமெண்ட் மூட்டை அடுக்கியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். அக்கட்டடத்தை மாலையில் இரண்டு மணிநேரம் திறந்துவைத்து, ஆங்கில நாளேடு ஒன்றும் தமிழ் நாளேடு ஒன்றும் போட்டு, மேசை நாற்காலியும் விளக்கும் இருக்கச் செய்தால், அதுவே பயிற்சி நிலையம். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் வந்து நோட்டுப் புத்தகங்களைத் திருத்திக் கொடுக்க இசைந்தால் மேலும் நலம். கேட்டால் மறுப்பவர் குறைவு.

சுவரில் ஓர் அட்டையும் எழுதி மாட்டலாம். எந்த வேலைக்கு எந்தத் தேர்வு, அதில் ஆங்கிலம் உண்டா இல்லையா, விவரத்தை எந்த அரசு இணையதளத்தில் பார்ப்பது என்பவை மட்டும் அதில் இருந்தால் போதும். விதிகள் ஆண்டுதோறும் மாறுகின்றனவாதலால் அட்டையில் தேதி இடவேண்டும். ஆறு மாதத்திற்கொரு முறை சரிபார்க்கவேண்டும். படிப்புக்காக வெளிநாடு அனுப்பும் முகவர்களுக்கு, முன்சொன்ன 30,000 ரூபாய் உச்சவரம்பு பொருந்தாது என்பதையும் அதில் எழுதிவைப்பது நலம். அவர்கள் கேட்கும் தொகைக்கு எல்லையே இல்லாதிருப்பதன் காரணம் அப்போது பெற்றோருக்கு விளங்கும்.

மேலே கூறிய நெசவாளரின் கிராமத்தில் இப்போது நூலகம் மாலை ஆறு முதல் எட்டு வரை திறந்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். பாதிப்பேர் வங்கித் தேர்வுக்கும், இருவர் செவிலியர் தேர்வுக்கும் படிக்கிறார்கள். ஒருவர் தமிழ் நாளேட்டில் பட்டு விலை பார்க்க மட்டும் வருகிறார். அந்நெசவாளரின் மகள் இம்முறை மன்றத்தின் இணையதளத்திலிருந்து விதியைத் தானே எழுதியெடுத்து, நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள். தேர்வுக்கு இன்னும் பணம் கட்டவில்லை. வீட்டில் எழுதும் மாதிரித் தாள்களில் எழுதுதல் பகுதி 6.5-ஐ எட்டியபின் கட்டுவதாகச் சொல்கிறாள்.